மாமியை அத்தை என்று கூப்பிடாதேங்கோ

கலியாணம் கட்டி முதல் தடவை யாழ்ப்பாணம் போனபோது மனைவியின் அம்மாவை நான் "அத்தை" என்று கூப்பிட்டேன். வெளிநாட்டில் வளர்ந்தவனுக்கு முறை படிப்பித்தது தமிழ்நாட்டுப் படங்கள்தானே. குசினிக்குள் இருந்து சிரிப்புச் சத்தம். "அத்தையோ? மாப்பிள்ளை படம் பாத்துப் பழகி வந்திருக்கிறார். மாமி எண்டு சொல்லும் தம்பி" என்றார் அவர்.

யாழ்ப்பாணத்தில் அப்பாவின் சகோதரி மாமி, அம்மாவின் சகோதரனுடைய மனைவி மாமி, மாமியாரும் மாமி. மச்சான் மச்சாளுக்குள் கட்டுகிற பழைய வழக்கம்தான் காரணம். மாமி மகளைக் கட்டினால் மாமியார் பிறந்ததிலிருந்தே மாமிதானே! இப்போது பிறத்தியில் கட்டினாலும் முறை அப்படியே நிற்கிறது. நாத்தனார், கொழுந்தன், ஓரகத்தி எல்லாம் அக்கரைச் சொற்கள். அவற்றை விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்குங்கள்.

பட்டியல் பாடமாக்க வேண்டாம். ஒரு ஆளின் முறை தெரிந்தால் அவரைக் கட்டியவரின் முறை தானாக வரும். அக்காவைக் கட்டியவர் அத்தான். அண்ணனைக் கட்டியவ அண்ணி, சில வீடுகளில் மச்சாள். மாமாவைக் கட்டியவ மாமி. கொஞ்சம் சிக்கல் மச்சாளில்தான். மனைவியின் தங்கச்சி உங்களுக்கு மச்சாள், அவளைக் கட்டியவர் சகலன். ஆனால் அவரைச் "சகலன்" என்று யாரும் கூப்பிடுவதில்லை. உங்களுக்கு அவர் சகோதர முறை, வயதைப் பார்த்து அண்ணை அல்லது தம்பி. பெண்களுக்கும் இதே கணக்குத்தான்: கணவரின் சகோதரனைக் கட்டியவ அக்கா அல்லது தங்கச்சி.

முறை வேறு, கூப்பிடுவது வேறு என்பதையும் கவனியுங்கள். வயதில் இளைய மச்சாளைப் பேர் சொல்லலாம். மூத்தவர்களைப் பேர் சொன்னால் வீடே அமைதியாகிவிடும். மாமியாரைப் பற்றிப் பேசும்போது "அவள்" வரவே கூடாது, "அவ" என்பதுதான் இங்கே மரியாதை. உங்கள் பிள்ளைகளுக்கு இதை முதலே சொல்லி வையுங்கள். அவர்கள்தான் அநேகமாக மாட்டுப்படுவது.

காதுக்கு மட்டும் தேவையான சொற்கள் சில உண்டு. ஒரு கிழவி உங்களிடம் "கொம்மா சுகமோ? கொத்தான் வரேல்லையோ?" என்று கேட்டால் திகைக்க வேண்டாம். உங்கள் அம்மாவையும் அத்தானையும்தான் விசாரிக்கிறா. மூத்தவர்கள் இளையவர்களிடம் உரிமையோடு கேட்பது அது. திருப்பி நீங்கள் "கொம்மா" என்று தொடங்கினால் சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும்.

எனக்கு உதவியது கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் போன வான் பயணம். ஏழெட்டு மணித்தியாலம் சும்மாதானே இருக்க வேண்டும். வீட்டில் யார் யார் நிற்பார்கள் என்று மனைவியிடம் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனேன். அப்படியும் "அத்தை" தப்பி வந்துவிட்டது. மாமியை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவே இல்லை.

அங்கே போய்த் தடுமாறினால் வெட்கப்படாமல் "நீங்கள் எனக்கு என்ன முறை?" என்று கேளுங்கள். குறைந்தது அரை மணித்தியாலம் கதிரையில் இருக்கத் தயாராகக் கேளுங்கள். பூட்டன் காலத்திலிருந்துதான் பதில் தொடங்கும், இடையில் தேத்தண்ணியும் வரும்.