‘இயற்கை என்றால் அப்படித்தான்’ என்று சொல்லாதீர்கள்: ஆர்கானிக் கடைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஊரில் ஆர்கானிக் கடைகள் பெருகிவிட்டன. ஐ.டி. வேலையை விட்டு வந்த இளைஞர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சொந்த வயலில் விளைந்ததை விற்க நினைப்பவர்கள் என்று பலரும் கடை போடுகிறார்கள். இந்தத் தொழிலில் கொஞ்சம் பழையவன் என்பதால் என்னையும் அழைப்பார்கள். போனால் ஓர் ஓரமாக உட்கார்ந்து, வருகிறவர்களிடம் கடைக்காரர் எப்படிப் பேசுகிறார் என்று கவனிப்பேன். சரக்கு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. பேச்சில்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் அந்தக் காலத்தில் பேசிய அதே பேச்சு, ஒரு சொல் மாறாமல்.

எடை குறையக் கூடாது, கடையைக் கூட்டிப் பெருக்கி வைக்க வேண்டும், சில்லறைக்கு மிட்டாய் கொடுக்கக் கூடாது என்பதையெல்லாம் மளிகைக்கடைப் பையனே சொல்லிக்கொடுப்பான். நம் கடைகளுக்கென்றே உள்ள தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

வண்டுக்கு வக்காலத்து வாங்குவது

சில மாதங்களுக்கு முன் ஒரு புதுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் அரைக் கிலோ தினைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பிரிக்காத பொட்டலம். உள்ளே தினை உதிரியாக இல்லை. கொத்துக் கொத்தாக ஒட்டிக்கிடந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மணிகளுக்கு நடுவே மெல்லிய நூல் ஓடுவது தெரிந்தது. அந்துப்பூச்சியின் புழு கட்டும் நூல் அது. பையின் மூலையில் சாம்பல் நிறப் பூச்சி ஒன்று சிறகை மடித்து உட்கார்ந்திருந்தது.

“வாங்கி ரெண்டு வாரம்கூட ஆகவில்லை தம்பி” என்றார் அவர்.

தம்பி சிரித்த முகத்தோடு சொன்னார்: “மருந்து அடிக்காத பொருள் அம்மா. பூச்சியே சாப்பிடுகிறது என்றால் எவ்வளவு நல்ல பொருள் என்று பாருங்கள். இயற்கை என்றால் அப்படித்தான்.”

அந்த அம்மா பதில் பேசவில்லை. பொட்டலத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். “புரிய வைத்துவிட்டேன் அண்ணா” என்று தம்பிக்கு ஒரே பெருமிதம். எனக்கு வந்த எரிச்சலை அடக்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முதலில், அது உண்மையே அல்ல. வயலில் என்ன தெளித்தார்கள் என்பதைப் பார்த்து வண்டு வருவதில்லை. யூரியா போட்டு, பூச்சிமருந்து அடித்து விளைந்த பொன்னி அரிசியிலும் வண்டு விழும். வித்தியாசம் கிடங்கில் இருக்கிறது. பெரிய கிடங்குகளில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை வைத்து மூட்டம் போடுவார்கள். அதிலிருந்து கிளம்பும் பாஸ்பீன் வாயு பூச்சியைக் கொல்லும். ஆர்கானிக் சரக்குக்கு அதைப் போடக் கூடாது. ஆகவே பொட்டலத்தில் பூச்சி இருந்தால், மூட்டமும் போடவில்லை, அதற்குப் பதிலாக வேறு பாதுகாப்பும் செய்யவில்லை என்றுதான் அர்த்தம். விளைவித்த முறைக்கு அது சாட்சி சொல்லாது.

அரிசி வண்டின் வேலையைத் தெரிந்துகொண்டால் இந்தத் தொழிலில் பாதித் தலைவலி குறையும். பெண் வண்டு அரிசி மணியில் துளையிட்டு, உள்ளே முட்டை வைத்து, துளையைப் பசையால் அடைத்துவிடும். புழு மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, நம் ஊர் வெயிலுக்கு ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். பொட்டலம் போடும் நாளில் அரிசி பளிச்சென்று இருப்பதும், வாடிக்கையாளர் வீட்டு டப்பாவில் வண்டு ஊர்வதும் இதனால்தான். உங்களிடம் இருக்கும்போதே அது உள்ளே இருந்திருக்கிறது. “எங்கள் கடையில் நன்றாகத்தான் இருந்தது” என்ற பதிலும் செல்லாது.

தடுக்க வழியில்லாமல் இல்லை. ஒரு மாதத்தில் விற்கும் அளவுக்கு மட்டும் எடுங்கள். பழைய மூட்டைக்குப் பக்கத்தில் புது மூட்டையை அடுக்காதீர்கள். காற்றை உறிஞ்சி ஒட்டும் இயந்திரம் ஒன்று வாங்கிப்போடுங்கள். காற்றில்லாமல் புழு பிழைக்காது. சிறிய அளவுச் சரக்கை உறைநிலைப் பெட்டியில் சில நாள் வைத்து எடுத்தால் முட்டையும் செத்துவிடும். விற்கும்போதே “மழைக்காலம் அம்மா, டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதையும் மீறிப் பொட்டலம் திரும்பி வந்தால் பணத்தைக் கொடுங்கள், அல்லது வேறு பொட்டலம் கொடுங்கள். எது வேண்டும் என்று அவரே சொல்லட்டும். அதே மூட்டையிலிருந்து போட்ட மற்றப் பொட்டலங்களை அலமாரியிலிருந்து இறக்கி அவர் கண்ணெதிரே பாருங்கள். ஏற்கெனவே வாங்கிப் போனவர்களுக்கு நீங்களே போன் செய்யுங்கள். அரைக் கிலோ தினையின் விலைக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது.

தம்பி சொன்ன அந்த வசனத்தின் பெரிய கேடு இன்னொன்று. இயற்கை என்ற காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டிய சரக்கு நம் கடையில் நிறைய இருக்கிறது. தேன் உறைந்து சர்க்கரைபோல் ஆவது இயல்பு; கலப்படம் என்று சண்டைக்கு வருவார்கள். மரச்செக்கு எண்ணெயின் அடியில் மண்டி தங்கும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் கட்டியாகும். மழைக்காலத்தில் கருப்பட்டி இளகும். நாட்டுச்சர்க்கரை ஒரு முறை வந்த நிறத்தில் மறுமுறை வராது. எப்போதும் ஒரே பொன்மஞ்சளில் வந்தால்தான் நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோஸ் ரசாயனம் போட்டிருக்கிறார்களோ என்று நாம் சந்தேகப்பட வேண்டும். இவற்றுக்கெல்லாம் “இயற்கை என்றால் அப்படித்தான்” என்பது நேர்மையான பதில்.

கடலை எண்ணெயில் சிக்கு வாடை வந்தால் அது இயற்கை அல்ல, பழசு. கம்பு மாவு கசந்தால் அரைத்து நாளாகிவிட்டது. கம்பில் எண்ணெய்ச்சத்து கூடுதல் என்பதால் மாவு சீக்கிரம் கெடும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அரைக்க வேண்டும். சாமையில் கல் இருந்தால் சுத்தம் செய்யவில்லை. நிலக்கடலையில் பூஞ்சை என்றால் ஒரு பருப்பைக்கூட விற்கக் கூடாது. அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு. இத்தனைக்கும் அதே வசனத்தை ஓதிவிட்டு, நாளைக்குத் தேன் உறைந்ததற்கு உண்மையான காரணத்தைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

தினை கொண்டுவந்த அந்த அம்மாவைப் பிறகு எதிர்ச்சாரி மளிகைக்கடையில் பார்த்ததாகத் தம்பி சொன்னார். “விலை கட்டுப்படியாகவில்லை போலிருக்கிறது” என்பது அவருடைய கணிப்பு.

‘நமக்குத் தெரிந்த விவசாயிதான்’

எங்கிருந்து வருகிறது என்று கேட்பவரைச் சந்தேகப் பிராணியாகப் பார்க்காதீர்கள். கூடுதல் விலை கொடுக்கிறவருக்குக் கேட்க உரிமை உண்டு. “நமக்குத் தெரிந்த விவசாயிதான்” என்பது பதில் ஆகாது. ஊர் எது, நெல் என்ன ரகம், எப்போது அறுத்தது, எங்கே அரைத்தது என்று நான்கு விவரங்களை ஒரு சிலேட்டில் எழுதி மூட்டைக்கு மேலே மாட்டுங்கள்.

சான்று விஷயத்திலும் அரைகுறையாகப் பேசுகிறார்கள். இயற்கை உணவுக்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் கொண்டுவந்த விதிமுறைகள் இரண்டு முறைகளை ஏற்கின்றன. ஒன்று என்.பி.ஓ.பி. என்ற தேசிய ஆர்கானிக் உற்பத்தித் திட்டம்; சான்று நிறுவனம் வந்து சோதிக்கும். தமிழ்நாட்டு அரசின் சான்றளிப்புத் துறை கோயம்புத்தூரில் இருக்கிறது. மற்றது பி.ஜி.எஸ். இந்தியா; விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை மற்றவர் பார்த்து உறுதி சொல்வது. அதில் ‘பி.ஜி.எஸ். கிரீன்’ என்று போட்டிருந்தால் நிலம் ரசாயன முறையிலிருந்து ஆர்கானிக்குக்கு இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதை முழு ஆர்கானிக் என்று சொல்லி விற்காதீர்கள். சான்றே வாங்காத விவசாயியின் சரக்கு என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். “சான்று இல்லை, வயலை நான் போய்ப் பார்த்தேன், பஞ்சகவ்யமும் தொழு உரமும்தான் போடுகிறார்” என்று சொன்னால் வாங்குகிறவர் வாங்குவார். அந்தப் பொட்டலத்தில் மட்டும் ‘ஆர்கானிக்’ என்று அச்சடித்துவிடாதீர்கள்.

வைத்தியம் பார்ப்பது

கருப்பு கவுனி அரிசி சாப்பிட்டால் சர்க்கரை நோய் போய்விடும் என்று கல்லாவில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்கள். இதைவிட மோசம், சர்க்கரை நோயாளியிடம் “வெள்ளைச் சர்க்கரைதான் ஆகாது, கருப்பட்டி தாராளமாகச் சாப்பிடலாம்” என்பது. கருப்பட்டியிலும் நாட்டுச்சர்க்கரையிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். நீரிழிவைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை மருந்து, மாய வைத்திய விளம்பரங்கள் பற்றிய 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. கடை வாசலில் தொங்கும் பலகையும் விளம்பரம்தான். சட்டம் கிடக்கட்டும். உங்கள் பேச்சை நம்பி ஒரு பெரியவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் அவர் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

சமைக்கச் சொல்லித்தராமல் விற்பது

கருப்பு கவுனியை இரவே ஊறவைக்க வேண்டும். மாப்பிள்ளைச் சம்பாவும் அப்படியே. பொன்னி வைப்பதுபோல் வைத்துவிட்டு, “ரப்பர் மாதிரி இருக்கிறது” என்று வருகிறவர்மேல் தவறில்லை. முதல்முறை வருகிறவருக்குத் தூயமல்லி, கிச்சிலிச் சம்பா போன்ற சன்ன ரகங்களைக் கொடுங்கள், அதுவும் ஒரு கிலோ மட்டும். எடுத்த எடுப்பில் ஐந்து கிலோ காட்டுயானத்தைத் தலையில் கட்டினால் அது அவர் வீட்டுப் பரணில் கிடக்கும்.

பிரசங்கம்

“இத்தனை நாள் விஷத்தைத்தான் சாப்பிட்டிருக்கிறீர்கள்” என்று சொல்லாதீர்கள். எண்ணெய் வாங்க வந்திருக்கிறார், கொடுத்து அனுப்புங்கள்.

தீர்ந்த சரக்கு

இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள். சந்தையில் வாங்கி அதே டப்பாவில் கொட்டினீர்கள் என்றால் கடையைப் பூட்டிவிடலாம்.

வாட்ஸ்அப் குழு

சரக்கு வந்தால் மட்டும் செய்தி. காலை வணக்கம் வேண்டாம்.

கீரை நாள்

செவ்வாயும் வெள்ளியும் கீரை வரும் என்று சொல்லிவிட்டால் அந்த நாட்களுக்கென்றே ஆட்கள் வருவார்கள். மழை, பஸ் வரவில்லை, கீரைக்காரர் வீட்டில் விசேஷம் என்று ஏதோ ஒன்றால் தவறும். அது தெரிந்தவுடன் காலை ஏழு மணிக்குள் சொல்லிவிடுங்கள். முருங்கைக்கீரைக்காக இரண்டு தெரு நடந்து வந்த முதியவரிடம் பத்து மணிக்குக் கையை விரித்துவிட்டு, கூடவே சத்துமாவு வேண்டுமா என்று கேட்காதீர்கள்.