கைதான பின் கேட்க வேண்டிய முதற்கேள்வி: எந்தப் பிரிவு?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒருவர் கைதாகிவிட்டார் என்று தெரிந்ததும், பிணை கிடைக்குமா, எத்தனை வருடம் உள்ளே இருக்க நேரும் என்றே வீட்டார் பதறிக் கேட்பார்கள். குற்றச்சாட்டு எந்தச் சட்டப் பிரிவின் கீழ் என்பதை அறியாமல் இவ்விரண்டுக்கும் விடை கூற முடியாது. பொலிசார் நீதவானிடம் சமர்ப்பிக்கும் பி அறிக்கையில் அந்தப் பிரிவின் இலக்கம் இருக்கும். சட்டத்தரணி மூலம் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். "பெரிய கேஸ்" என்று பொலிஸ் நிலையத்தில் யாரோ சொன்னதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இலக்கம் கையில் வந்ததும் இரண்டு சட்டங்களைப் புரட்ட வேண்டும். தவறு எது, அதற்குரிய தண்டனை எவ்வளவு என்பதை 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை கூறும். பிடியாணையின்றிக் கைது செய்யலாமா, பிணையில் விடக்கூடியதா, எந்த நீதிமன்றம் விசாரிக்கும் என்பவற்றை 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் முதலாம் அட்டவணை ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே காட்டும். இவற்றுள் ஒன்றுக்குரிய விடையைக் கொண்டு மற்றொன்றை ஊகிப்பதே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம்.

களுவாஞ்சிக்குடிப் பக்கம் வேலித் தகராறு ஒன்று கைகலப்பில் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். கையால் அடித்துக் கன்னம் வீங்கியிருந்தால் அது 314ஆம் பிரிவுக்குரிய சாதாரண காயம். உச்சத் தண்டனை ஓராண்டுச் சிறை. அதே காயம் கத்தி போன்ற ஆபத்தான ஆயுதத்தால் ஏற்பட்டிருந்தால் 315ஆம் பிரிவின் கீழ் அது மூன்றாண்டு வரை உயரும். ஆயுதமே இல்லாமல், தள்ளிவிட்டதில் முன்கை எலும்பு முறிந்து, முறிவு ஏற்படக்கூடும் என அறிந்தே அவர் அதைச் செய்ததாகக் கருதப்பட்டால், 311ஆம் பிரிவின் வரைவிலக்கணப்படி அது கடுங்காயமாகி, 316ஆம் பிரிவின் கீழ் ஏழாண்டு வரை தண்டிக்கத்தக்கதாகும். ஆயுதத்தால் கடுங்காயம் விளைவித்தால் 317ஆம் பிரிவின்படி பத்தாண்டு வரை செல்லலாம். ஆகவே, போதனா வைத்தியசாலையில் எடுத்த எக்ஸ்ரே படமும் சட்ட மருத்துவ அதிகாரியின் அறிக்கையும் வழக்கையே வேறு பிரிவுக்கு நகர்த்திவிடக்கூடும். முதல்நாள் சொல்லப்பட்ட பிரிவு அப்படியே நிலைத்திருக்கும் என நம்பியிராமல், ஒவ்வொரு தவணையிலும் அதை மீண்டும் பார்த்துக்கொள்வது நல்லது.

பிடியாணையின்றிக் கைது செய்யலாம் என அட்டவணை குறிப்பிடும் தவறுகளில், நியாயமான முறைப்பாடோ நம்பத்தகுந்த தகவலோ நியாயமான சந்தேகமோ இருந்தால் 32ஆம் பிரிவின் கீழ் பொலிசார் நேரடியாகக் கைது செய்யலாம். கைதுக்கான காரணத்தை அவ்வேளையே அவருக்குக் கூற வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் அவரை நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பது பொதுவிதி. பயங்கரவாதத் தடைச் சட்டம் போன்ற சிறப்புச் சட்டங்களுக்குத் தனி விதிகள் உள்ளன. அவற்றின் கீழான வழக்குகளை இந்த அட்டவணையை மட்டும் வைத்து அளந்துவிட வேண்டாம்.

பிணையில் விடத்தகாத தவறு என்றால் பிணையே கிடையாது என்றுதான் ஊரில் பலரும் எண்ணுகிறார்கள். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின்படி, பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு. பிணையில் விடக்கூடிய தவறாயின் அது சந்தேகநபரின் உரிமை. விடத்தகாததாயின் அது நீதிமன்றத்தின் தற்றுணிபு, அதாவது கொடுப்பதா மறுப்பதா என்பதை நீதிமன்றமே தீர்மானிக்கும். தலைமறைவாவார், சாட்சிகளிடம் தலையிடுவார் போன்ற காரணங்களுக்காக நீதிமன்றம் மறுக்கலாம். மரண தண்டனையோ ஆயுட்சிறையோ விதிக்கத்தக்க தவறு என்றால் மட்டும் நீதவானால் பிணை வழங்க முடியாது, மேல் நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு. கொலைக் குற்றச்சாட்டு (296ஆம் பிரிவு) இவ்வகையைச் சேர்ந்தது. கொலை முயற்சியோ (300ஆம் பிரிவு), கேட்கும்போது அதே அளவு அச்சமூட்டினாலும், காயம் ஏற்பட்டிருந்தாலும் 20 ஆண்டு வரையான சிறைக்கே உரியதாகையால் இந்த 13ஆம் பிரிவின் தடைக்குள் வராது. இந்த வேறுபாட்டை அறியாமல் பல வாரங்களை வீணாக்குபவர்கள் உண்டு.

தண்டனையைப் பொறுத்தவரை, சட்டக்கோவையில் உள்ள ஆண்டுகள் பெரும்பாலும் உச்ச எல்லையே. நீதவான் நீதிமன்றம் பொதுவாக இரண்டாண்டுக்கு மேல் சிறை விதிக்க முடியாது. பாரதூரமானவை சட்டமா அதிபரின் குற்றப்பகர்வுப் பத்திரத்துடன் (எழுத்திலான குற்றச்சாட்டு) மட்டக்களப்பு, கல்முனை போன்ற மேல் நீதிமன்றங்களுக்குச் செல்லும். அங்கே கொலைக்கு மரண தண்டனை இன்றும் தீர்ப்பளிக்கப்படுகிறது. ஆயினும் 1976ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கையில் அது நிறைவேற்றப்படவில்லை. இரண்டாண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனையை நீதிமன்றம் ஒத்திவைக்கலாம் (உடனே சிறைக்கு அனுப்பாமல் விடலாம்), ஆனால் சட்டம் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை விதித்திருந்தால் அந்த வழியும் அடைபடும். எனவே குற்றத்தை ஒப்புக்கொள்ளுமாறு யார் ஆலோசனை சொன்னாலும், அப்பிரிவில் குறைந்தபட்சத் தண்டனை உண்டா என்று சட்டத்தரணியிடம் கேட்ட பின்னரே சம்மதிக்க வேண்டும். கட்டணம் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.