சாரதியில்லா வாகனத்துக்கு மாடல் செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழகம் முடித்த கையோடு மூன்று நான்கு பேர் சேர்ந்து, ஒரு பழைய காரில் கமரா பூட்டி, கொழும்பு வீதிகளில் ஓடி வீடியோ எடுத்து, சாரதியில்லா வாகனத்துக்குச் செயற்கை நுண்ணறிவு மாடல், அதாவது படங்களைப் பார்த்து வீதியில் இருப்பவற்றை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளும் நிரல், செய்யப்போகிறோம் என்று வருகிறார்கள். எனக்கு உண்மையாகவே சந்தோஷம். எங்கள் வீதிகளில் பஸ் ஏறி இறங்கி வளர்ந்தவர்கள் செய்யவேண்டிய வேலை இது. ஆனால் நாங்கள் தொடங்கிய காலத்தில் இடறிய அதே இடங்களில் இவர்களும் இடறுகிறார்கள். கமராவை இறுக்கமாகப் பூட்டாதது, ஹார்ட் டிஸ்க்குக்குப் பிரதி எடுக்காதது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. ஒரு தடவை பட்டால் போதும், அதெல்லாம் திருந்திவிடும். பட்ட பிறகும் காரணம் விளங்காத தவறுகள் சில உண்டு. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒரே ஓட்டத்தின் படங்களைக் கலக்கிப் பிரிப்பது

இதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது, அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் இடையே காலி வீதியில் ஓடி வீடியோ எடுக்கிறார்கள். அதைப் படம் படமாகப் பிரித்து, ஓட்டோ, பஸ், நடந்து போகிறவர் என்று ஒவ்வொன்றுக்கும் பெட்டி போட்டு லேபிள் பண்ணுகிறார்கள். பிறகு எல்லாப் படங்களையும் ஒரே குவியலாகக் கலக்கி, 80 சதவீதம் பயிற்சிக்கு, 20 சதவீதம் சோதனைக்கு என்று ஒரு வரிக் கோடில் பிரித்துவிடுகிறார்கள்.

கணக்குப் பாருங்கள். கமரா வினாடிக்கு 30 படம் எடுக்கிறது. வண்டி மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் போனால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் 28 சென்ரிமீற்றர்தான் நகர்ந்திருக்கும். சிக்னலில் நின்றால் அதுவும் இல்லை. முன்னால் ஒரு ஓட்டோ இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால், அதே ஓட்டோ 3,600 படங்களில் இருக்கும். கலக்கிப் பிரிக்கும்போது அவற்றில் ஏறத்தாழ 2,880 படங்கள் பயிற்சிக்கும் மிச்சம் 720 படங்கள் சோதனைக்கும் போகும். மாடல் அந்த ஓட்டோவை, பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு சேர்த்து மனப்பாடம் செய்துவிடும். முதல் நாள் விடையோடு கையில் கொடுத்த வினாத்தாளையே மறுநாள் பரீட்சையில் வைத்தால் எல்லாப் பிள்ளைக்கும் ஏ சித்திதான்.

நான் வேலை செய்த ஒரு சிறிய கம்பனியில் இதுவே நடந்தது. சோதனை மதிப்பெண் கிட்டத்தட்ட முழுமையாக வந்தது. அந்த எண்ணைக் காட்டி முதலீடு வாங்கினார்கள். அதை நம்பி, வண்டியின் பிரேக்கோடு மாடலை இணைக்கும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள், டொலரில் காசு கட்டிக் கருவிகள் இறக்கினார்கள். அதற்குப் பிறகுதான் வண்டியைக் கொட்டாஞ்சேனைப் பக்கம் கொண்டுபோனோம். அங்கே ஒடுக்கமான தெருவில் பக்கவாட்டாக நிறுத்தியிருந்த ஓட்டோ மாடலுக்கு ஓட்டோவாகத் தெரியவில்லை. பாதி திறந்த லொறிக் கதவுக்குப் பின்னாலிருந்து இறங்கிய மனிதர் தெரியவே இல்லை.

அந்தக் குழுவில் இருந்த இளம் பொறியியலாளர் ஒருவர் தொடக்கத்திலேயே, “வீதி வீதியாகப் பிரித்துச் சோதிப்போமே, அண்ணா” என்று கேட்டிருந்தார். மதிப்பெண் குறைந்துவிடும், முதலீட்டாளரைச் சந்திக்கிற நேரம், பிறகு பார்ப்போம் என்று பொறுப்பில் இருந்தவர்கள் அவரை அடக்கிவிட்டார்கள். எனக்கு ஆறாதது இதுதான். கேள்வி சரியான நேரத்தில் வந்தது. பதில் சொல்ல ஒரு பின்னேரம் போதும். கடைசியில் காசு முடிந்து குழு கலைந்தது.

பெரிய இடங்களும் இதற்கு விலக்கில்லை. போஸ்டனிலும் சிங்கப்பூரிலும் எடுத்த நியூசீன்ஸ் தரவுத்தொகுப்பில் 20 வினாடி நீளமான 1,000 காட்சிகள் உண்டு. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் பயன்படுத்துகிற தொகுப்பு, அதுவும் படம் படமாகக் கலக்காமல் காட்சி காட்சியாகப் பிரித்தது. அப்படியிருந்தும், அதன் சோதனை இடங்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டவை ஏதோவொரு பயிற்சி இடத்திலிருந்து 5 மீற்றருக்குள் இருப்பதை 2024இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காட்சி வேறானாலும் தெரு அதே தெருதான். வீதிக் கோடுகளை அந்தந்த நேரத்தில் வரையவேண்டிய மாடல்கள், பார்த்த தெருவை ஞாபகத்திலிருந்து வரைந்துகொண்டிருந்தன. இடத்தால் பிரித்துச் சோதித்தபோது மதிப்பெண் பெரிதாக விழுந்தது.

சரி, எப்படிப் பிரிப்பது? முதலில் இடத்தால் பிரியுங்கள். கொட்டாஞ்சேனையோ தெமட்டகொடையோ, ஏதாவது ஒரு பகுதியை முழுதாக ஒதுக்கிவிட்டு, பயிற்சிக்கு அதிலிருந்து ஒரு படம்கூட எடுக்காதீர்கள். சோதனைப் படங்களின் ஜீபிஎஸ் புள்ளிகளைப் பயிற்சி ஓட்டங்களோடு ஒப்பிட ஒரு சின்ன நிரல் எழுதினால், ஒன்றின்மேல் ஒன்று விழுகிற இடங்கள் உடனே தெரியும். அப்புறம் நாளாலும் பிரியுங்கள். தென்மேல் பருவமழையில் எடுத்த ஓர் ஓட்டமும், எதிர் வெளிச்சம் கண்ணில் அடிக்கிற ஓர் இரவு ஓட்டமும் சோதனைப் பக்கத்தில் கட்டாயம் இருக்கட்டும். ஒதுக்கிய தொகுப்பை வாரம் தவறாமல் திறந்து பார்த்து மாடலைத் திருத்திக்கொண்டே போனால் அதுவும் பயிற்சியாகத்தான் முடியும். தினசரி வேலைக்கு வேறொரு தொகுப்பு வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் செய்தால் மதிப்பெண் விழும். விழுந்த எண்ணையே முதலீட்டாளரிடம் காட்டுங்கள். ஏன் விழுந்தது, அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று விளக்கினால் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்காதவருடைய காசு உங்களுக்கு வேண்டாம்.

வகைப் பட்டியலை வெளியிலிருந்து அப்படியே எடுப்பது

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ நகரில் எடுத்த கிற்றி என்ற வீதித் தரவுத்தொகுப்பில் ட்ராமுக்கு ஒரு வகை உண்டு, ஓட்டோவுக்கு இல்லை. கொழும்பில் ட்ராம் நின்று அறுபது வருடங்களுக்கு மேலாகிறது. அதைவிட, ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் எடுத்த இந்திய வாகனமோட்டல் தரவுத்தொகுப்பிலிருந்து தொடங்குவது எவ்வளவோ நல்லது. ஓட்டோ அதில் தனி வகை. அதோடும் நிறுத்தவேண்டாம். புறக்கோட்டையில் மூட்டை ஏற்றிய கை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் நாட்டாமைமார், பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி கட்டிய பாண் ஓட்டோ, இவை வெளிநாட்டுப் பட்டியல்களில் வருவது அரிது.

இது வெறும் பெயர் வைக்கிற வேலை என்று யாரும் நினைக்கக்கூடாது. 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரில் ஊபர் நிறுவனத்தின் சோதனை வண்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த ஒரு பெண்ணை மோதிக் கொன்றது. மோதுவதற்கு 5.6 வினாடிக்கு முன்பே உணரிகள் அவரைக் கண்டுவிட்டன. ஆனால் மென்பொருள் அவரை வாகனம், வேறேதோ பொருள், சைக்கிள் என்று மாறி மாறி வகைப்படுத்தியது. வகை மாறும் ஒவ்வொரு தடவையும் அதுவரை அவர் நகர்ந்த பாதையைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டது. பாதசாரிக் கடவைக்கு வெளியேயும் மனிதர் வீதியைக் கடப்பார்கள் என்பதற்கு அந்த வடிவமைப்பில் இடமே இருக்கவில்லை என்று அமெரிக்க விசாரணைச் சபை பதிவுசெய்தது. புறக்கோட்டை மெயின் ஸ்ட்ரீட்டில் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, உங்கள் மாடலுக்கு அந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். என்ன வகை என்று தெரியாவிட்டாலும் நகர்வதைத் தொடர்ந்து கவனிக்கவேண்டும். தெரியாததற்கு வேகத்தைக் குறைக்கவேண்டும்.

சராசரி மதிப்பெண்ணை நம்புவது

ஓட்டோ, பஸ், நடப்பவர், பகல், இரவு, மழை: ஒவ்வொன்றுக்கும் தனி எண் போடுங்கள்.

நேரக் குறிகளைப் பொருத்தாதது

கமராவும் லைடாரும் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி) தனித்தனிக் கடிகாரத்தில் ஓடினால் இரண்டும் காட்டுவது வேறு வேறு கணங்களை. மணிக்கு 40 கிலோமீற்றரில் போகும் வண்டி 100 மில்லிவினாடியில் 1.1 மீற்றர் நகர்ந்துவிடும். ஓரத்தில் நிற்கிற பிள்ளை பெட்டிக்கு வெளியே போக அது போதும். இந்தப் பிழையை மாதக்கணக்கில் மாடலில் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் ஓட்டத்துக்கு முன்பே கடிகாரங்களை ஒன்றோடொன்று பொருத்துங்கள்.

டெமோ வீடியோவை வெட்டி ஒட்டுவது

செய்யாதீர்கள்.

முதல் நாளே சாரதியை இறக்கிவிட நினைப்பது

தானோட்டத்துக்கு 0 முதல் 5 வரை நிலைகள் உண்டு: 0 என்றால் எல்லாம் சாரதி கையில், 5 என்றால் எங்கேயும் சாரதியே தேவையில்லை. எடுத்தவுடன் 4, 5 என்று பேசுகிறவர்கள் ஆர்கோ ஏஐ என்ற சாரதியில்லா வாகனக் கம்பனியைப் பார்க்கவேண்டும். ஃபோர்ட், ஃபோக்ஸ்வாகன் இரண்டின் பணமும் பின்னால் இருந்தும் அது 2022இல் மூடப்பட்டது. தன் கம்பனியான குரூஸின் ரோபோ டாக்சிக்குப் (சாரதியில்லாமல் ஓடும் டாக்சி) பணம் போடுவதை ஜெனரல் மோட்டர்ஸ் 2024 டிசம்பரில் நிறுத்தியது. கொழும்பில் இருக்கிற சிறு குழு, பஸ்ஸின் இடப்பக்கத்தில் நுழைகிற மோட்டார் சைக்கிளைச் சாரதிக்கு எச்சரிக்கிற ஒரு கருவியை ஒழுங்காகச் செய்தால் அதற்கு உயிர்க் காப்பு மதிப்பும் உண்டு, வாங்கவும் ஆள் உண்டு. அதில் சேரும் தரவு அடுத்த நிலைக்கும் உதவும்.

முகங்களையும் நம்பர் பிளேட்டையும் அப்படியே அனுப்புவது

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே உண்டு. லேபிள் பண்ணக் கொடுப்பதற்கு முன்பே முகங்களையும் இலக்கத் தகடுகளையும் மங்கலாக்குங்கள். மங்கலாக்காத மூலப் பிரதியை யார் யார் திறக்கலாம் என்று எழுதி வையுங்கள். உங்கள் தரவைப் பார்க்கச் சொன்னால், பள்ளிக்கூட வாசலில் எடுத்த ஓட்டங்களை நான் முதலில் கேட்டுப் பார்ப்பேன். அங்கே இந்த வேலை நடக்காமல் இருந்தால் மிச்சத்தைத் திறக்கமாட்டேன்.