பிஎச்பியில் திகதி தானாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது

புறக்கோட்டையிலுள்ள மொத்த வியாபாரக் கடையொன்றுக்காக பிஎச்பி என்ற இணைய நிரலாக்க மொழியில் நான் எழுதிய நிரலில், 2025 ஜனவரி 10ஆம் திகதி போட்ட பில்லின் விற்பனைத் திகதியும் 30 நாள் கடன் தவணை முடியும் திகதியும் பெப்ரவரி 9 என்றே அச்சாகி வந்தன. விற்பனைத் திகதியின் மேல், திகதியை மாற்றும் கட்டளையான மாடிஃபை மெதட்டை அழைத்து, திரும்பி வந்ததைத் தவணைத் திகதிக்கான மாறியில் இட்டிருந்தேன். பார்வைக்குக் குற்றமற்ற அந்த ஒரே வரியில்தான் பிழை இருந்தது. திகதியையும் நேரத்தையும் வைத்திருக்கும் டேட்டைம் ஒப்ஜெக்டில் மாடிஃபை, அட் (கூட்டல்), சப் (கழித்தல்), செட்டைம் (நேரம் அமைத்தல்) ஆகிய எல்லாமே இருப்பதை மாற்றிவிட்டு அதையே திருப்பித் தருவதால், இரு மாறிகளும் ஒரே ஒப்ஜெக்டைச் சுட்டிக்கொண்டிருந்தன.

இதைவிடக் கள்ளத்தனமானது, நேர வலயத்தை மாற்றும் செட்டைம்சோன். யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வைத்திருக்கும் நேரத்தை அறிக்கையில் காட்டுவதற்காக ஒரு ஃபங்ஷன் அதைக் கொழும்பு நேரத்துக்கு மாற்றினால், அழைத்தவரிடமுள்ள ஒப்ஜெக்டும் மாறிவிடும். பிறகு அதை நேர வலயக் குறிப்பில்லாமல் தரவுத்தளத்தில் எழுதும்போது ஐந்தரை மணித்தியாலம் கூடி, 8ஆம் திகதி இரவு 10 மணி 9ஆம் திகதி அதிகாலை 3.30 ஆகிவிடும்.

ஆகவே புதிய நிரலில், 2013இல் பிஎச்பி 5.5 உடன் வந்த, உள்ளே மாறாத வகையான டேட்டைம்இம்யூட்டபிளையே பயன்படுத்துங்கள். மெதட்களின் பெயர்கள் அவையேதான். ஆனால் ஒவ்வொன்றும் புதிய ஒப்ஜெக்டைத் தரும். அதை மாறியில் பிடித்துக்கொள்ளாவிட்டால் எதுவுமே நடக்காது, பிழைச் செய்தியும் பொதுவாக வராது. பழைய நிரலை மாற்றுபவர்கள் மாடிஃபை தனித்து நிற்கும் வரிகளையே முதலில் தேட வேண்டும்.

பழைய நிரல் நூலகமொன்று டேட்டைம் தந்தால், பிஎச்பி 8.0 முதல் உள்ள கிரியேட்ஃப்ரம்இன்டர்ஃபேஸ் மெதட் மூலம் அதை வாங்கிய இடத்திலேயே டேட்டைம்இம்யூட்டபிளாக மாற்றிவிடுங்கள்; அது முடியாவிட்டால், கை வைக்குமுன் குளோன் செய்யுங்கள், அதாவது தனிப் பிரதி எடுங்கள். திகதியை வாசிக்க மட்டும் செய்யும் ஃபங்ஷனுக்கு, இரு வகைகளுக்கும் பொதுவான டேட்டைம்இன்டர்ஃபேஸ் போதும், ஏனெனில் மாற்றும் மெதட்கள் அதில் இல்லை. லாராவெல் என்ற பிஎச்பி கட்டமைப்பைப் பயன்படுத்துபவர்கள், அதிலுள்ள திகதி நூலகமான கார்பனும் டேட்டைமின் வழித்தோன்றலே என்பதை நினைவிற்கொண்டு, அதன் மாறாத வகையான கார்பன்இம்யூட்டபிளுக்கு மாறலாம்.

ஒன்றை மட்டும் இது தீர்க்காது: 2025 ஜனவரி 31 உடன் ஒரு மாதம் கூட்டினால், இரண்டு வகையிலும் மார்ச் 3தான் வரும். மாதக் கடைசியில் தவணை முடியும் கடைகளுக்கு, அடுத்த மாதத்தின் கடைசி நாள் என்றே மாடிஃபைக்குச் சொல்ல வேண்டும்.