ஒரு பில்லில் 8, அடுத்த பில்லில் 6

2024 மார்ச் 1 முதல் மலேசியாவில் சேவை வரி 6லிருந்து 8 விழுக்காடு. உணவகம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்தம் போன்ற சில சேவைகளுக்கு மட்டும் பழைய 6தான். அன்று காலை பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பில்லிங் மென்பொருள் ஒரே கடைக்கு ஒருமுறை 8 காட்டியது, மறுமுறை 6! மூன்று சர்வர்களில் ஒன்றில் பழைய கன்ஃபிக் ஃபைல் (வரி விகிதம் போன்ற மதிப்புகளை மென்பொருள் படிக்கும் ஃபைல்).

இப்போது பொது மதிப்புகள் ஒரே ஃபைலில். வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் மாறுவது மட்டும் தனி ஃபைலில். இரண்டும் குபர்நெட்டிஸ் (பல சர்வர்களில் ஆப்களை ஓட்டிப் பராமரிக்கும் மென்பொருள்) கன்ஃபிக்மேப்பில், அதாவது இந்த மதிப்புகளை ஆப்புக்கு வெளியே வைக்கும் இடத்தில். அங்கிருந்து என்விரான்மென்ட் வேரியபிளாக (ஆப் தொடங்கும்போதே கையில் தரும் மதிப்பாக) கொடுத்தால், பாட் (ஆப் ஓடும் அலகு) மறுபடி தொடங்கும்வரை பழைய மதிப்புதான். வால்யூமாக மவுண்ட் செய்தால் (ஆப்புக்கு ஒரு ஃபோல்டராகக் காட்டினால்) ஃபைல் சற்று நேரத்தில் தானே மாறும். ஆப் அதைத் திரும்பப் படிக்க வேண்டும். சப்-பாத் போட்டு (முழு ஃபோல்டராக இல்லாமல் ஒரு ஃபைலை மட்டும்) மவுண்ட் செய்தால் அதுவும் மாறாது (அதில்தான் எனக்கு அரை நாள் போனது). பாஸ்வேர்டுக்கு, கன்ஃபிக்மேப் அல்ல, குபர்நெட்டிஸில் ‘சீக்ரெட்’ என்று தனியாக இருக்கிறது.