பிள்ளையை முதல்முறை பாரதக் கூத்துக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் சுவரெல்லாம் நோட்டீஸ்தான். திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா. மதியம் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி பத்து மணிக்கு நாடகம். மகாபாரதக் கதையை விடிய விடிய ஆடும் தெருக்கூத்துதான் அது, எங்கள் ஊரில் கூத்தை நாடகம் என்றுதான் சொல்வோம். அந்த நோட்டீஸ் ஒன்றை முதலில் வாங்கி வையுங்கள். எந்த ராத்திரி என்ன கதை என்று அதில் போட்டிருக்கும். பிள்ளையின் வயதைப் பார்த்து ராத்திரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண்.

ஆறேழு வயது என்றால் அர்ச்சுனன் தபசு. உயரமான கம்பம் நட்டு, வேஷக்காரர் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறுவார். மேலே போய் எலுமிச்சம்பழமும் பூவும் வீசுவார். கதை புரியாவிட்டாலும் கண் அகலாது. பத்து வயதுக்கு மேல் கர்ண மோட்சம். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன் வீட்டில் இருந்தால் திரௌபதியின் புடவையை உருவும் கதையான பகடை துகிலுக்கு அவசியம் கூட்டிப் போங்கள். துச்சாதனன் புடவையைத் தொடும் முன் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன். வேஷம் கட்டியவரே கை நடுங்கித்தான் நிற்பார். ஒரு பெண்ணைத் தொடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த ஒரு நிமிடம் சொல்லிவிடும்.

அன்று மதியம் பிள்ளையைத் தூங்க வையுங்கள். போர்வை, கோணி, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அங்கேயே கிடைக்கும். ஒன்பது மணிக்கே போய்விடுவது நல்லது. காரணம், வேஷம் போடுவதைப் பார்க்க வேண்டும். நான் கூத்தை உண்மையில் பார்க்கத் தொடங்கியது அங்கேதான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ராணிப்பேட்டை மாவட்டத்தில் கலவைப் பக்கம் எங்கள் ஊர். தாத்தா என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனார். காலையில் எங்கள் தெருவில் ஆடு ஓட்டிப் போன மாமா, கையளவு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு முகத்தில் சிவப்பு பூசிக்கொண்டிருந்தார். கன்னத்தில் வெள்ளைப் புள்ளியை ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாக வைத்தார். அப்புறம் கண்ணாடிச் சில்லு பதித்த புஜக்கட்டை, மார்புக் கட்டை, கடைசியில் கிரீடம். கிரீடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தலையில் வைத்தார். அதன் பிறகு அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. துரியோதனன் ஆகிவிட்டார்.

ஆட்டம் தொடங்கியதும் ஆர்மோனியப் பெட்டிக்காரர், மத்தளக்காரர் பக்கமாக உட்காருங்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் வேண்டாம், பிள்ளைக்குக் காது வலிக்கும். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். ராஜா வேஷம் அந்தத் திரைக்குப் பின்னால் நின்று பாடும், முதலில் சலங்கைக் காலும் கிரீடத்தின் நுனியும் மட்டும் தெரியும். கூத்தை நடத்திப் போகும் கோமாளியான கட்டியங்காரன், யார், எவர் என்று கேட்பான். வந்தவர் தன் பேரை, ஊரை, பெருமையை எல்லாம் தானே சொல்லிக்கொள்வார். தர்மருக்கும் திரை உண்டு, துரியோதனனுக்கும் உண்டு. இதைப் பிள்ளை கவனிக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். சில வருடம் முன்பு மேல்தோல் கணக்கில் குறைந்தது என்று ஒரு பெண்ணை எல்லோரும் சுற்றி நின்று திட்டினார்கள். அவள் வாய் திறக்கவே விடவில்லை. எனக்கு அந்தத் திரைதான் ஞாபகம் வந்தது. அவள் என்ன சொல்கிறாள் என்று முதலில் கேளுங்கள் என்றேன். கேட்டார்கள். முந்தின ஷிப்டில் எழுதாமல் விட்ட கணக்கு அது.

அக்கா மகனை முதல் வருடம் கர்ண மோட்சத்துக்குக் கூட்டிப் போனபோது ஒரு தப்பு செய்தேன். இவர் நல்லவர், அவர் கெட்டவர் என்று ராத்திரி முழுக்க அவன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டு மணிக்கெல்லாம் தூங்கிவிட்டான். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். போவதற்கு முன் பாதிக் கதை சொன்னால் போதும்: கர்ணன் யார் வயிற்றில் பிறந்தான், எங்கே வளர்ந்தான், அவ்வளவுதான். மதியம் சொற்பொழிவில் அரை மணி நேரம் உட்கார வைத்தால் இன்னும் நல்லது. மீதியைக் கூத்து சொல்லும். பிள்ளை கேட்டால் பதில் சொல்லுங்கள், கேட்காததைச் சொல்ல வேண்டாம்.

தூக்கம் வந்தால் தூங்கட்டும், திட்டாதீர்கள். கர்ணன் போருக்குக் கிளம்பப் பொன்னுருவியிடம் விடைபெறும் இடத்தில் எழுப்பிவிடுங்கள். தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன் என்று அவனைத் தாழ்வாக நடத்திய மனைவி அவள். சாகப் போகிற நேரத்தில் அவளிடம் தன் பிறப்பைச் சொல்கிறான். அடுத்த வருடம் அக்கா மகன் அந்தக் காட்சியை விழித்திருந்து பார்த்தான். ஒன்றும் பேசவில்லை, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான்.

முடிந்தால் வேறொரு ராத்திரி, துரியோதனன் விழும் படுகளம் வரைக்கும் இருங்கள். பதினெட்டாம் நாள் போர் ஆடி முடிய விடிந்துவிடும். மைதானத்தில் களிமண்ணால் துரியோதனன் மல்லாந்து படுத்திருப்பான், அவ்வளவு பெரிய உருவம். பீமன் தொடையில் அடிப்பான், உள்ளே வைத்த சிவப்புத் தண்ணீர் வழியும். திரௌபதி கூந்தலை முடிவாள். ஜனம் கத்தும். அந்தச் சத்தத்தில் எங்கள் ஆயா மட்டும் துரியோதனனுக்காக அழுதது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ‘கெட்டவன்தானே ஆயா’ என்று கேட்டேன். ‘கெட்டவன்தான். அவனைப் பெத்தவ ஒருத்தி இருக்கா இல்ல’ என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கேள்வி கேட்டுப் பரீட்சை வைக்காதீர்கள். கால் கழுவி, கஞ்சி கொடுத்துப் படுக்க வையுங்கள். இரண்டு நாள் கழித்து அதுவாகவே பேச்சை எடுக்கும். அக்கா மகன் மூன்றாம் நாள் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: ‘சித்தி, பொன்னுருவி முன்னாடியே அவரோட நல்லா பேசியிருக்கலாம் இல்ல?’