பாலிக்பாயன் பெட்டி கட்டுவது எப்படி

துபாயோ ஹாங்காங்கோ கலிஃபோர்னியாவோ, பிலிப்பினோக்கள் வேலை பார்க்கும் இடத்திலிருந்து கப்பலில் பிலிப்பைன்ஸில் உள்ள தங்கள் ஊருக்கு அனுப்பும் பெரிய அட்டைப்பெட்டிதான் பாலிக்பாயன் பெட்டி. இதற்குக் கட்டணம் பெரும்பாலும் எடையைப் பார்த்து அல்ல, பெட்டியின் அளவைப் பார்த்து. கொடுக்கிற காசு இடத்துக்குத்தான் என்பதால் ஒரு விரல் இடைவெளியும் வீணாகக் கூடாது. கட்டும் முறை முழுவதும் இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான்.

முதலில் நாளைக் குறியுங்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து மணிலாவுக்கு ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் ஆகும். கிழக்குக் கரை என்றால் இரண்டு மாதம். விசயாஸ், மிண்டனாவ் தீவுகளுக்கு அங்கிருந்து மறுபடி லாரி, படகு என்று மேலும் சில வாரங்கள். செப்டம்பர் பிறந்ததுமே கிறிஸ்துமஸ் களை கட்டிவிடும் நாடு அது. கடைசி மூன்று மாதங்களில் துறைமுகம் நெரியும். எனவே கிறிஸ்துமஸுக்குப் போய்ச் சேர வேண்டிய பெட்டி செப்டம்பர் நடுவுக்குள் கிளம்பிவிட வேண்டும். காலாவதி ஆக இன்னும் ஆறு மாதமாவது இருக்கும் உணவுப்பொருளை மட்டும் வாங்குங்கள்.

இரட்டைச் சுவர் அட்டைப்பெட்டிதான் தேவை. பரவலாகக் கிடைக்கும் ஜம்போ அளவு 24×18×24 அங்குலம். சூப்பர்மார்க்கெட்டில் தூக்கிப்போட்ட பெட்டி வேண்டாம். ஒருமுறை ஈரம் பட்ட அட்டை, மேலே நான்கு பெட்டி ஏறியதும் மடிந்துவிடும். அடிப்பக்க மடிப்புகளை நடுக்கோட்டிலும் இரு ஓரங்களிலும் அகல டேப்பால் இரண்டு முறை ஒட்டுங்கள். உள்ளே பெரிய பிளாஸ்டிக் பையை விரித்துவிடுங்கள். கன்டெய்னருக்குள் பகல் சூட்டில் எழும் ஈரம் இரவில் கூரையில் நீர்த்துளியாகிச் சொட்டும்.

அடியில் ஒரு துண்டு அல்லது போர்வை. அதன்மேல் கார்ன்ட் பீஃப், ஸ்பாம், வியன்னா சாசேஜ் டின்களை நிறுத்திவைத்து நெருக்கமாக அடுக்குங்கள். இறைச்சி டின்களுக்கான இறக்குமதி விதி, விலங்கு நோய் பரவும் காலங்களில் திடீரென மாறும். வாங்கும் முன் அனுப்பும் நிறுவனத்திடம் கேட்டுவிடுவது நல்லது. ஓர் அடுக்குக்கு மேல் டின் வேண்டாம். எடைக்குக் கட்டணம் இல்லையே என்று முழுப்பெட்டியையும் டின்னால் நிரப்பினால் நூறு கிலோவைத் தாண்டிவிடும். இரண்டு பேர் தூக்க முடியாத பெட்டியை உருட்டத்தான் செய்வார்கள். மூலை கிழிவது அப்போதுதான்.

நடுவில் காபித்தூள், பீனட் பட்டர், ஷாம்பு, லோஷன். திரவப் புட்டி ஒவ்வொன்றின் மூடியையும் கழற்றி, வாயில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து மறுபடி திருகி, டேப் சுற்றி, ஜிப் பையில் போடுங்கள். ஒரு ஷாம்பு கசிந்தால் பெட்டி முழுதும் போச்சு.

பலரும் கோட்டைவிடுவது சோப்பில். சோப்பு வாசனை காகித உறையைத் தாண்டி, ஐம்பது நாளில் சாக்லேட்டிலும் காபியிலும் ஏறிவிடும். சோப்பை இரட்டைப் பையில் கட்டி ஒரு மூலையில் வையுங்கள். உணவு எதிர் மூலையில். சாக்லேட் முப்பத்து நான்கு டிகிரி வாக்கில் உருகும். கன்டெய்னர் அதைவிட நன்றாகவே சூடாகும். ஜிப் பையில் போட்டு, துணிகளுக்கு நடுவே, மூடிக்கு வெகு கீழே வைத்தால் ஓரளவு தப்பும். வளைகுடாவில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாக்லேட்டை விட்டுவிடுவதே மேல்.

மேலே துணிமணி. காலணிக்குள் காலுறை, குவளைக்குள் மிட்டாய் என்று உட்குழிவுகளையும் நிரப்புங்கள். ஒவ்வொருவருக்கும் உரியதைத் தனிப்பையில் போட்டு அவர் பெயரை எழுதிவிடுங்கள். ஞானஸ்நானத்தின்போது நீங்கள் பொறுப்பேற்ற ஞானப்பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். பெயரில்லாத பொருளால் வரும் மனத்தாங்கல் பெட்டி காலியான பின்னும் நிற்கும்.

பணம், நகை, துப்பாக்கி, பொம்மைத் துப்பாக்கி, போலி பிராண்ட் சரக்கு, ஸ்ப்ரே புட்டி, பவர் பேங்க், செடி, விதை, பச்சை இறைச்சி எதுவும் கூடாது. ஒரே பொருள் ஒரு டஜனைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் விற்பனைச் சரக்கு என்ற சந்தேகம் வரும்.

2016இல் வந்த சுங்கச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் இருக்கும் பிலிப்பினோ தன் குடும்பத்துக்கு அனுப்பும் பெட்டிகளுக்கு 1,50,000 பெசோ மதிப்புவரை வரி இல்லை. ஆண்டுக்கு மூன்று முறை இந்தச் சலுகை கிடைக்கும். 2015இல் பெட்டிகளைப் பிரித்துச் சோதிக்கப்போவதாகச் சுங்கத்துறை சொன்னபோது நாடே கொதித்தது. எக்ஸ்ரேயில் சந்தேகம் எழுந்தால் மட்டும் திறக்கும்படி அதிபர் பெனிக்னோ அக்கினோ உத்தரவிட நேர்ந்தது. சலுகை பிலிப்பினோக்களுக்கு உரியது என்பதால், பிலிப்பினோ பெண்ணை மணந்த தமிழர் மாமியார் வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்புநர் மனைவியாகவே இருக்கட்டும். சுங்கத்துறைக்கான தகவல் படிவத்தில் பொருள்பட்டியலையும் மதிப்பையும் உள்ளபடி எழுதிக் கையொப்பமிட்டு, கடவுச்சீட்டு நகல், புதுப்பொருள்களின் ரசீது ஆகியவற்றை இணையுங்கள்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மலிவைப் பார்த்து ஏமாற வேண்டாம். இங்கே பணம் வாங்கியவர், மணிலாவில் சரக்கை விடுவிக்கும் முகவருக்குக் காசு தராவிட்டால் கன்டெய்னர் துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடக்கும். இப்படிக் கைவிடப்பட்ட பெட்டிகளைச் சுங்கத்துறையே விடுவித்து விநியோகிக்க வேண்டி வந்திருக்கிறது. மணிலா முகவர் யார் என்று கேளுங்கள்; பிலிப்பைன்ஸ் வர்த்தக, தொழில் துறையின் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து அனுப்பினால், கப்பல் சரக்குப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அந்நாட்டு அரசு அமைப்பான ஃபெடரல் மாரிடைம் கமிஷனின் உரிமமும் அந்த நிறுவனத்துக்கு இருக்க வேண்டும்.

முகவரியைப் பெட்டியின் மூன்று பக்கத்திலாவது மார்க்கரால் எழுதுங்கள்: வீட்டு எண், பூரோக் (பாரங்காயின் உட்பகுதி), பாரங்காய் (மிகச் சிறிய உள்ளாட்சிப் பிரிவு), நகராட்சி, மாகாணம், இரண்டு கைபேசி எண்கள். பூரோக்கில் வீட்டு எண் இல்லாத இடங்கள் உண்டு. தேவாலயமோ பள்ளியோ, அருகில் உள்ள அடையாளத்தையும் சேர்த்துவிடுங்கள். அதே முகவரியை ஒரு தாளில் எழுதி உள்ளேயும் வையுங்கள். மூடிய பின் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து, பொருள்பட்டியலுடன் வீட்டாருக்கு அனுப்புங்கள். பெட்டி வந்ததும் அவர்கள் டேப்பை அந்தப் படத்தோடு ஒப்பிட்டு, கிழிசலோ புது டேப்போ தெரிந்தால் விநியோகச் சீட்டில் அதைக் குறித்த பிறகே கையொப்பம் இட வேண்டும்.